ஐந்து நட்டுகளும் பொருந்தின, அச்சு பொருந்தவில்லை

கேமரன்மலைக்குப் பள்ளி விடுமுறையில் போகிறவர்கள் தேயிலைத் தோட்டத்தையும் ஸ்ட்ராபெரியையும் படமெடுத்துக்கொண்டு திரும்புவார்கள். எஸ்பிஎம் எழுதி முடித்த ஆண்டில் நான் அங்கே இரண்டு வாரம் தங்கி, நகக் கண்ணெல்லாம் கிரீஸ் ஏறிய கையோடு திரும்பினேன். காரணம், மாமாவின் லேண்ட் ரோவர்.

அந்த மலையில் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்க்காமல் ஒரு கிலோமீட்டர் கூடப் போக முடியாது. பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா வரை, காய்கறித் தோட்டங்களுக்குள் போகும் செம்மண் பாதைகளில் இன்னும் அவைதான் ஓடுகின்றன. மாமாவுடையது சீரிஸ் 3. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 88 அங்குலம் உள்ள சின்ன ரகம். 1971 முதல் 1985 வரை தயாரானது. கதவு ஒழுங்காக மூடாது, ஆனால் மழையில் வழுக்கும் சரிவில் முட்டைகோஸ் கூடைகளோடு ஏறிவிடும்.

ஒரு நாள் காலை அது ஏறவில்லை. 'டக்' என்று ஒரு சத்தம். இன்ஜின் ஓடுகிறது, கியர் விழுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. பின் அச்சுக்குள் சக்கரத்தைச் சுழற்றும் ஹாஃப் ஷாஃப்ட் முறிந்துவிட்டது. மாமா முன் அச்சை இணைக்கும் மஞ்சள் குமிழை அழுத்தினார். முன் சக்கரங்கள் இழுக்க, வண்டி முனகிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தது.

வீட்டு முற்றம் கொஞ்சம் சாய்வானது. மாமா ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, முன் அச்சின் இணைப்பை விடுவித்தார். மாமா மகன் ஜாக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்திருந்தான். அந்த நேரத்தில் வண்டி சத்தமில்லாமல் பின்னால் நகர ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் கையிலிருந்த விறகுக் கட்டையைச் சக்கரத்துக்குப் பின்னால் எறிந்திராவிட்டால், இந்தக் கட்டுரையை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன், அல்லது எழுதியே இருக்க மாட்டேன்.

"ஹேண்ட் பிரேக் போட்டுத்தானே இருக்கு?" என்றான் அவன், முகம் வெளுத்துப்போய்.

"போட்டுத்தான் இருக்கு. ஆனா அது சக்கரத்துல இல்லையே தம்பி," என்றார் பெரியவர். தேயிலைத் தோட்டத்துப் பட்டறையில் முப்பது வருடம் வேலை செய்தவர். நாங்கள் எல்லாரும் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

சாதாரணக் காரில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைப் பிடிக்கும். இந்த லேண்ட் ரோவரில் அது கியர்பாக்ஸுக்குப் பின்னால், டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் வால் பகுதியில் இருக்கிறது. அது பிடிப்பது புரோப் ஷாஃப்டை. புரோப் ஷாஃப்ட் நின்றாலும், டிஃப்பரன்ஷியல் என்ற பல்சக்கரக் கூட்டம் ஒரு சக்கரம் முன்னாலும் மறு சக்கரம் பின்னாலும் சுற்ற இடம் கொடுக்கும். ஹாஃப் ஷாஃப்ட் முறிந்தால் பிடிமானம் போய்விடும். எதுவும் முறியாத வண்டியிலும், பின் சக்கரம் ஒன்றை ஜாக்கால் தரையை விட்டுத் தூக்கினால் இதே கதைதான். அதனால் இந்த ரக வண்டியைத் தூக்கும் முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். தூக்கிய பிறகு ஜாக்கை நம்பாமல் இரும்புத் தாங்கியில் நிறுத்த வேண்டும்.

அச்சைக் கழற்றிப் பார்த்தபோது செய்தி இன்னும் மோசம். முறிந்த துண்டு டிஃப்பரன்ஷியல் பற்களைக் கடித்திருந்தது. அச்சுக் கூட்டின் அடிப்பாகம் துருவேறி எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. ஒரு ஷாஃப்டை மாற்றி முடிகிற காரியமில்லை, பின் அச்சு முழுதாக வேண்டும்.

மாமாவின் கண் பக்கத்துத் தோட்டத்துக் கொட்டகைக்குப் போனது. அங்கே ஒரு பழைய டிஸ்கவரி செத்துக் கிடந்தது. அதுவும் லேண்ட் ரோவர் நிறுவனத்தின் வண்டிதான், 1989இல் அறிமுகமான ரகம். மாமா தன் வண்டிச் சக்கரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டுபோய் டிஸ்கவரியின் அச்சில் மாட்டிப் பார்த்தார். ஐந்து போல்ட், 165.1 மில்லிமீட்டர் வட்டம். 1948இல் தொடங்கிய முதல் சீரிஸிலிருந்து டிஸ்கவரி வரைக்கும் மாறாத அளவு அது. சக்கரம் உட்கார்ந்தது, ஐந்து நட்டுகளும் இறங்கின.

"பார்த்தீங்களா அண்ணே, ஒரே கம்பெனி சாமான். அப்படியே தூக்கிப் போட்டுட வேண்டியதுதான்!"

தாத்தா பதில் சொல்லாமல் அளவு நாடாவை எடுத்தார்.

இதுபோன்ற மாற்று வேலையில் பலரும் முதலில் பார்ப்பது போல்ட் பொருந்துகிறதா என்பதைத்தான். உண்மையில் கடைசியாகப் பார்க்க வேண்டியது அது. ஓர் அச்சு என்பது வெறும் இரும்புக் குழாய் இல்லை. வண்டி எவ்வளவு அகலம், எவ்வளவு வேகம், எப்படி நிற்கும், எவ்வளவு சுமக்கும் என்று அதை வடிவமைத்தவர்கள் எடுத்த முடிவுகளெல்லாம் அதற்குள் இருக்கின்றன. அச்சை மாற்றினால் அந்த முடிவுகளும் சேர்ந்தே வருகின்றன, நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

முதல் அளவு அகலம். சீரிஸ் வண்டியில் இடது, வலது சக்கரங்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 1,308 மில்லிமீட்டர். டிஸ்கவரியில் 1,486. வித்தியாசம் 178 மில்லிமீட்டர், ஒரு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர். பின் சக்கரங்கள் மட்கார்டைத் தாண்டி வெளியே நிற்கும், முன் சக்கரங்களின் தடத்தில் வராது. குறுகிய பாதையில் பள்ளத்தின் ஓரமாகப் போகும் வண்டிக்கு அந்த 9 சென்டிமீட்டர் சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது தொங்கல் அமைப்பு. எனக்கு இந்த முழு விவகாரத்திலும் மிகப் பிடித்தது இந்த இடம்தான். சீரிஸ் வண்டியின் அடியில் இருப்பவை பட்டை ஸ்பிரிங். வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய பழைய முறை, லோரியில் இன்றும் பார்க்கலாம். பார்க்க முரட்டுத்தனமாக இருந்தாலும் அது ஒரே நேரத்தில் பல வேலை செய்கிறது. எடையைத் தாங்குகிறது. அச்சு முன்னும் பின்னும் ஓடாமல் பிடிக்கிறது. பக்கவாட்டில் நழுவாமலும் பார்த்துக்கொள்கிறது. இன்ஜின் விசையால் அச்சே புரண்டுவிடாமலும் தடுக்கிறது.

டிஸ்கவரியில் இருப்பவை சுருள் ஸ்பிரிங். 1970இல் வந்த ரேஞ்ச் ரோவரில் தொடங்கிய அமைப்பு அது. சுருள் மேலும் கீழும் மெத்தென்று ஆடும், கரடுமுரடான பாதையில் சக்கரம் தரையை விடாமல் தொடும். ஆனால் அதற்குத் தெரிந்த வேலை எடையைத் தாங்குவது ஒன்றுதான். மற்ற வேலைகளுக்கு வேறு ஆள் வேண்டும். அதனால் அச்சு முன்பின் ஓடாமல் இழுத்துப் பிடிக்கக் கீழே இரண்டு நீளத் தண்டுகளும், பக்கவாட்டில் நழுவாமல் இருக்க மேலே 'ஏ' எழுத்து வடிவத்தில் ஒரு சட்டமும் இருக்கின்றன. எல்லாம் சேசிஸில் அதற்கென்று பற்றவைத்த கொக்கிகளில் மாட்டியிருக்கும். சீரிஸ் சேசிஸில் அந்தக் கொக்கிகள் கிடையாது.

டிஸ்கவரி அச்சில் இருக்கும் பிடிகளை அறுத்தெறிந்துவிட்டுப் பட்டை ஸ்பிரிங் உட்காரும் மேடைகளைப் பற்றவைத்தால் என்ன என்று மாமா கேட்டார். செய்திருக்கிறார்கள், உலகத்தில் பலர் செய்திருக்கிறார்கள். ஆனால் அச்சுக் கூட்டில் அளவுக்கு மீறிச் சூடேற்றினால் குழாய் வளையும். குழாய் ஒரு மில்லிமீட்டர் வளைந்தாலும் உள்ளே சுழலும் ஷாஃப்ட் நேராக ஓடாது. மேடையின் கோணம் தவறினால் அச்சின் மூக்கு, அதாவது புரோப் ஷாஃப்ட் வந்து சேரும் பகுதி, மேலேயோ கீழேயோ பார்க்கும். புரோப் ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள மூட்டுகள் ஒரே கோணத்தில் வளைந்திருந்தால், ஒரு மூட்டு உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கத்தை மறு மூட்டு சமன் செய்துவிடும். கோணம் வேறுபட்டால் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை அதிரும். அந்த அதிர்வு கொஞ்ச நாளில் மூட்டையே தின்றுவிடும்.

மாமா லேசில் விடுகிறவர் இல்லை. "சரிண்ணே, அச்சுக் கூடு வேண்டாம். நடுவுல இருக்கிற டிஃப்பரன்ஷியல மட்டும் எடுத்து நம்ம கூட்டுல போடுவோம். கூட்டை ஒட்டவெச்சிக்கலாம். அது அப்படியே உட்காரும்னு சொல்றாங்க."

அது உண்மைதான். பழைய டிஸ்கவரியின் டிஃப்பரன்ஷியல் சீரிஸ் கூட்டுக்குள் உட்காரும். அதனால்தான் அது இன்னும் ஆபத்தானது.

தாத்தா அங்கே எங்களுக்கு ஒரு சோதனை காட்டினார். நீங்களும் ஒரு பட்டறையில் கேட்டுப் பார்க்கலாம். வண்டியிலிருந்து இறக்கிய அச்சைத் தாங்கியில் வைத்து, ஒரு பக்கச் சக்கர முனையை அசையாமல் பிடிக்கச் சொன்னார். மறு பக்கத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றச் சொன்னார். நான் மூக்கில் சுண்ணக்கட்டியால் போட்ட கோட்டைப் பார்த்து எண்ணினேன். மூன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூட. டிஸ்கவரியின் விகிதம் 3.54. புரோப் ஷாஃப்ட் 3.54 தடவை சுற்றினால் சக்கரம் ஒரு தடவை சுற்றும். ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டதால்தான் மறு பக்கத்தை இரண்டு சுற்று சுற்ற வேண்டியிருந்தது. ஏனென்றால் டிஃப்பரன்ஷியலில் இரு சக்கரங்களின் சராசரிதான் கணக்கு.

சீரிஸ் வண்டியின் விகிதம் 4.7.

இனி கணக்கு நம்முடையது. படிவம் 1 மாணவரும் போடக்கூடிய வகுத்தல்தான். 4.7-ஐ 3.54-ஆல் வகுத்தால் 1.33. பின்னால் டிஸ்கவரியின் பல், முன்னால் பழைய சீரிஸ் பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். புரோப் ஷாஃப்ட் 100 சுற்று சுற்றினால் பின் சக்கரம் 28 சுற்றும், முன் சக்கரம் 21 சுற்றும். சாதாரணச் சாலையில் பின் சக்கரம் மட்டும் இழுக்கும்வரை ஒன்றும் தெரியாது. வழுக்கும் சரிவில் மஞ்சள் குமிழை அழுத்தியதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே தண்டில் கட்டப்பட்டுவிடும். சீரிஸ் வண்டியில் இரண்டுக்கும் நடுவே வித்தியாசத்தை விழுங்கும் டிஃப்பரன்ஷியல் இல்லை. ஒன்று டயர் தேய்ந்துகொண்டே வழுக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஏதாவது உடைய வேண்டும். வண்டி அதிகமாகக் கஷ்டப்படும் இடத்தில்தான் அது உடையும்.

"அப்போ முன்னாலயும் சேர்த்து மாத்திட்டா?" என்றான் மாமா மகன். நல்ல கேள்வி. சமவெளியில் நெடுஞ்சாலை ஓட்டுகிறவர்கள் அப்படி மாற்றுவதுண்டு. இன்ஜின் சத்தம் குறையும், வேகம் கூடும். மலையில் அதற்கு வேறு விலை.

முதலாவது, வேகமானி. சீரிஸ் வண்டியில் அது டிரான்ஸ்ஃபர் பாக்ஸிலிருந்து கணக்கெடுக்கிறது. அச்சில் பல் மாறியது அதற்குத் தெரியாது. முள் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 80-இல் போய்க்கொண்டிருக்கும். தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் வளைவுகளில் அந்த 20 கிலோமீட்டர் வித்தியாசத்தை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது இன்னும் முக்கியமானது. சுமையோடு மலையிறங்கும்போது அனுபவமுள்ள ஓட்டுநர் பிரேக்கை மிதித்துக்கொண்டே வர மாட்டார். தாழ்ந்த கியரில் போட்டு இன்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி விடுவார். அந்தப் பிடி அச்சின் பல் விகிதத்தால் பெருகித்தான் சக்கரத்துக்கு வருகிறது. 3.54-ஐ 4.7-ஆல் வகுத்தால் 0.75. அதே கியரில் இன்ஜின் தரும் பிடியில் கால்வாசி போய்விடும். அதே வேகத்தில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும் என்பதால் உண்மையான இழப்பு இன்னும் அதிகம். மிச்சத்தை பிரேக் டிரம் சுமக்க வேண்டும். டிரம் சூடேறினால் பிடி குறையும், பிடி குறைந்தால் இன்னும் அழுத்தி மிதிப்போம், இன்னும் சூடேறும். சுமார் 1,400 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் பாதையில் அந்தச் சுழற்சிக்கு நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

மாமா அதற்குப் பிறகு பேசவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போவதும் அதே வண்டியில்தான்.

அப்படியென்றால் ஒரு வண்டியின் பின் அச்சை இன்னொன்றுக்கு மாற்றவே கூடாதா? அப்படியில்லை. டிஸ்கவரியின் அச்சைச் சீரிஸுக்குப் போடுவது தூரத்துச் சொந்தத்தில் பெண் எடுப்பது மாதிரி. ஆனால் முதல் டிஸ்கவரியும் டிஃபெண்டர் 90-உம் உடன்பிறப்புகள். இரண்டிலும் சுருள் ஸ்பிரிங், அதே அகலம், அதே 3.54. டிஃபெண்டர் 90-இல் 1990களின் முற்பாதி வரை பின்னால் டிரம் பிரேக்தான். டிஸ்கவரியில் தொடக்கத்திலிருந்தே டிஸ்க். அதனால் டிஸ்கவரியின் பின் அச்சை டிஃபெண்டருக்கு மாற்றுவது லேண்ட் ரோவர் பிரியர்களிடையே பழகிப்போன வேலை.

அதிலும் பொறிகள் உண்டு. டிஸ்கவரியின் பின் புரோப் ஷாஃப்ட் ஒரு தடித்த ரப்பர் வளையம் வழியாக அச்சோடு சேர்கிறது, அதற்கு மூன்று போல்ட் முனை. டிஃபெண்டருக்கு நான்கு போல்ட். அச்சை ஏற்றி, ஸ்பிரிங் மாட்டி, பிரேக் குழாய் இணைத்து, கடைசியில் புரோப் ஷாஃப்டைத் தூக்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. மூக்கின் முனையை மட்டும் மாற்றினால் தீரும், ஆனால் அதை வண்டி தாங்கியில் ஏறும் முன்னால் வாங்கி வைத்திருக்க வேண்டும். ஹாஃப் ஷாஃப்ட் முனையில் உள்ள வரிப்பற்கள் பழைய அச்சுகளில் 10, பின்னால் வந்தவற்றில் 24. இரண்டும் ஒன்றோடொன்று சேராது.

பிரேக்கிலும் யோசிக்க வேண்டும். அழுத்தி நிறுத்தும்போது எடை முன்னால் சாய்கிறது, பின் சக்கரங்கள் லேசாகின்றன. அந்த நேரத்தில் பின் பிரேக் அளவுக்கு மீறிப் பிடித்தால் பின் சக்கரங்கள் முதலில் இறுகி, வண்டியின் வால் முன்னால் வரப் பார்க்கும். ஆகவே 'டிஸ்க் போட்டால் நன்றாக நிற்கும்' என்பது பாதி உண்மை. முன்னுக்கும் பின்னுக்கும் அழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் வால்வும், பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் புதிய அச்சுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும்.

இதைப் படிக்கும் பலருக்கு லேண்ட் ரோவர் வேண்டாம், வீட்டில் நிற்கும் மைவியோ சாகாவோதான் கனவு. ஹாஃப் கட் கடையில் கிடைக்கும் டிஸ்க் பிரேக் பின் அச்சின் விலையைக் கேட்டு வைத்திருக்கும் நண்பர் ஒருவராவது உங்களுக்கு இருப்பார். அங்கே கணக்கு வேறு, கேள்வி அதேதான். முன் சக்கரம் இழுக்கும் கார் என்பதால் பின்னால் பல் விகிதம் கிடையாது. அதற்குப் பதில் ஹேண்ட் பிரேக் கேபிள் பின் சக்கரத்தில் இருக்கிறது. ஏபிஎஸ் உள்ள காரில் சக்கரத்தின் வேகத்தை எண்ணும் சென்சாரும் அங்கேதான். சென்சார் எண்ணும் வளையத்தில் பற்களின் எண்ணிக்கை வேறாக இருந்தால், கணினி அந்தச் சக்கரம் வழுக்குகிறது என்று தப்பாக முடிவு செய்து, தேவையில்லாத நேரத்தில் பிரேக்கைத் தளர்த்தக்கூடும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். வாகனத்தின் அமைப்பு நம் நாட்டில் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்கும், 1959ஆம் ஆண்டின் வாகனக் கட்டமைப்பு விதிகளுக்கும் உட்பட்டது. சேசிஸிலோ தொங்கல் அமைப்பிலோ வெட்டி ஒட்டும் முன் ஜேபிஜேயிடம் கேட்க வேண்டும். காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்ல வேண்டும். சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீடு கேட்கும் நாளில் அந்த அச்சுதான் முதல் சாட்சி.

மாமாவின் வண்டிக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். தாத்தா மூன்று இடங்களுக்குப் போன் போட்டார். ரிங்லெட்டில் ஒரு பழைய இரும்புக் கடையில் இன்னொரு சீரிஸ் 3-இன் பின் அச்சு கிடைத்தது. வாங்கும் முன் கடை வாசலிலேயே அதைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறு முனையை இரண்டு சுற்று சுற்றவைத்தார். நானும் மாமா மகனும் தனித்தனியாக எண்ணினோம். நான்கு முழுச் சுற்று, ஐந்தாவதில் முக்காலை நெருங்கியது. கடைக்காரர் எங்களை விநோதமாகப் பார்த்தார்.

அச்சு ஏறியதும் தாத்தா அதன் வயிற்றில் வெள்ளைப் பெயிண்டால் '4.7' என்று எழுதினார். மாமா மகன் இப்போது வாகனத் தொழில்நுட்பத்தில் மலேசியத் திறன் சான்றிதழ் மூன்றாம் நிலை படிக்கிறான். வண்டிக்கு அடியில் போகும் முன் இன்றும் விறகுக் கட்டையைத்தான் தேடுவானாம், பட்டறையில் சிரிக்கிறார்களாம். டிஸ்கவரியின் அச்சு வீணாகவில்லை. மாமா வீட்டுக் கோழிக் கூண்டின் ஒரு பக்கத்துக்கு அதுதான் முட்டுக்கொடுத்து நிற்கிறது.